கல்லீரலைக் கழுவ முடியாது: உடல் சுத்திகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாரம் கண்டபடி சாப்பிட்டாயிற்று, மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடித்தால் கல்லீரல் சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. கல்லீரல் அழுக்கைத் தேக்கி வைத்துக்கொண்டு யாராவது வந்து கழுவட்டும் என்று காத்திருப்பதில்லை. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாக ஓடுகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து நேராக வருவது. நாம் சாப்பிட்டது, குடித்தது, விழுங்கிய மாத்திரை என்று பெரும்பாலானவை உடம்பின் மற்ற இடங்களுக்குப் போகும் முன் கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அங்கே நடப்பது ரசாயன வேலை. முதலில் சில நொதிகள் வந்த பொருளின் அமைப்பை மாற்றுகின்றன. அடுத்து அதனோடு வேறொரு மூலக்கூறு ஒட்டவைக்கப்பட்டு, அது நீரில் கரையும்படி ஆகிறது. அப்புறம் அது சிறுநீரிலோ, பித்தநீரோடு சேர்ந்து மலத்திலோ வெளியேறிவிடும். புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் பிலிருபினைப் பித்தநீரில் தள்ளுகிறது. இந்த வேலை தடைபட்டால் உடம்பு முழுக்கத் தெரியும்: பிலிருபின் தேங்கினால் கண் மஞ்சளாகும், அம்மோனியா போன்றவை மூளையைப் பாதித்தால் குழப்பமும் தூக்கக் கலக்கமும் வரும், ரத்தம் உறைவதற்கான புரதங்கள் குறைந்தால் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முதல் கட்டத்தில் உருவாகும் இடைப்பொருள் சில சமயம் மூலப்பொருளைவிட ஆபத்தானது. காய்ச்சலுக்கு எல்லோரும் போடும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி பத்திரமாக வெளியேறிவிடும். சிறு பகுதி மட்டும் ஒரு நச்சுப் பொருளாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் உடனே அதைச் செயலிழக்க வைக்கும். அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், அந்த நச்சு கல்லீரல் செல்களையே கொல்லத் தொடங்கும்.

பல சமயம் அளவு மீறுவது தெரியாமலேயே நடக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று என்று மூன்று மருந்து போடுகிறார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரையில் எட்டு. எடை குறைந்தவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சரியாகச் சாப்பிடாத நாட்களில் குளூட்டாதயோனும் குறைந்துவிடும். ஆக, ஜூஸ் விரதம் இருந்து, அதனால் வந்த தலைவலிக்கு மாத்திரைமேல் மாத்திரை போடுவது, கல்லீரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அதன் கவசத்தைக் கழற்றுவதுதான். அளவு மீறிய முதல் நாள் வெறும் குமட்டல்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும்.

அடுத்தது ‘லிவர் ஃப்ளஷ்’. இரவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும், கூடவே பேதி உப்பும் குடிக்கச் சொல்வார்கள். மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வரும். ‘பார்த்தீர்களா, கல் வெளியே வந்துவிட்டது’ என்பார்கள். அப்படி வந்த உருண்டைகளைப் பரிசோதித்த முடிவு 2005இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. அவற்றில் பெரும்பகுதி கொழுப்பு அமிலம், பித்தக்கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்ட்ராலோ பிலிருபினோ இல்லை. குடித்த எண்ணெய்தான் குடலில் சோப்புபோல உறைந்து வெளியே வந்திருக்கிறது. உண்மையிலேயே பித்தப்பையில் கல் உள்ளவருக்கு இது விபரீதமாகலாம். அவ்வளவு எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை இறுகிச் சுருங்கும். அப்போது கல் நகர்ந்து பித்தக்குழாயை அடைத்தால் காமாலை வரும், கணையம்கூட வீங்கலாம்.

‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சையும் விட்டுவிட வேண்டும். கிரீன் டீ ஒரு கோப்பை குடிப்பது வேறு, அதன் செறிவூட்டிய சாற்றை மாத்திரையாக விழுங்குவது வேறு. மஞ்சளும் அப்படித்தான். இந்த இரண்டு வகை மாத்திரைகளாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். மூலிகைச் சாறும் அதே நொதிகள் வழியாகத்தான் போக வேண்டும்.

மது பற்றி நீட்ட வேண்டியதில்லை. மதுவை உடைப்பதற்குக் கல்லீரலுக்கு நேரம் தேவை. காபியோ குளியலோ எந்தப் பானமோ அந்த நேரத்தைக் குறைக்காது.

ஆனால் ‘நான் குடிப்பதே இல்லை, எனக்கென்ன?’ என்பதும் தவறுதான். கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் ஃபேட்டி லிவர். உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. தொப்பை, சர்க்கரை நோய், இனிப்புப் பானங்கள், உட்கார்ந்தே கழியும் நாள் எல்லாம் இதற்குக் காரணம். வலிக்காது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் சரியான அளவில் இருந்தாலும் கொழுப்பு இருக்கலாம், அதனால் அந்த ஒரு தாளை மட்டும் நம்பி நிம்மதியாகிவிட முடியாது. கூடுதல் எடை உள்ளவர்கள் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கொழுப்போடு வீக்கமும் நன்றாகத் தணிகிறது. 80 கிலோ உள்ளவருக்கு இது 6 முதல் 8 கிலோ. மெதுவாகக் குறையுங்கள், பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் பித்தக்கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

கடைசியாக, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள். இவை பல வருடம் சத்தமில்லாமல் கல்லீரலை அரிக்கும், எந்தச் சாறும் இவற்றைத் தொடாது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-யை எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குணப்படுத்த முடிகிறது.

கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், வயிறோ காலோ வீங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். ரத்த வாந்தியோ மனக்குழப்பமோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. சாப்பிட்டு வந்த மாத்திரை, மூலிகைப் பொடி, புரதப் பவுடர் எல்லாவற்றையும் டப்பாவோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். மூலிகைதானே என்று சொல்லாமல் விட்ட டப்பாவாகக்கூட காரணம் இருக்கலாம்.