அனியூரிசம் சத்திரசிகிச்சைக்குப் பின் டொப்ளரால் மூளைக் குருதியோட்டத்தைக் கண்காணித்தல்

மூளை நாடிச் சுவரில் பலூன்போல் உப்பி வெடித்த அனியூரிசத்தைக் கிளிப் இட்டு மூடியதும் மீண்டும் குருதி கசியும் ஆபத்துப் பெரிதும் நீங்கிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே கசிந்த குருதி மூளை நாடிகளைச் சுருங்கச் செய்யும் ஆபத்து ஏறத்தாழ 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை நீடிக்கிறது. இந்நாட்களைச் சத்திரசிகிச்சையிலிருந்து அல்ல, கடுந்தலையிடி தொடங்கிய நாளிலிருந்தே எண்ண வேண்டும். நெடுந்தீவிலிருந்து வந்த நோயாளி 6ஆம் நாள் எழுந்திருந்து கதைத்தால், வீட்டார் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் படகேற அவசரப்படுவது இயல்பு. அடுத்துவரும் நாட்களே கடுமையானவை என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இச்சுருக்கத்தைக் கண்டறிய, மீயொலியால் குருதியோட்ட வேகத்தை அளக்கும் டொப்ளர் கருவியின் 2 மெகாஹேட்ஸ் புரோப்பில் ஜெல் தடவி, கன்ன எலும்புக்கு மேலே, காதுக்குச் சற்று முன்னால், காயத்தை அழுத்தாமல் வையுங்கள். ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் ஆழத்தில், புரோப்பை நோக்கி வரும் ஓட்டமாக நடு மூளை நாடி கிடைக்கும். ஆழத்தை மெல்லக் கூட்டிச் செல்ல, 60 அளவில் இரு திசை ஓட்டமும் ஒருங்கே தெரியும். அது நாடி கிளைபிரியும் இடம். அங்கிருந்து ஆழத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்து, கிடைக்கும் மிகக் கூடிய சராசரி வேகத்தை அதன் ஆழத்தோடு சேர்த்துக் குறியுங்கள். உச்ச வேகத்தைச் சராசரி என்று எழுதிவிட்டால் மறுநாள் பார்ப்பவர் வீணாகப் பதறுவார். மறுபக்கத்தையும் அவ்வாறே பாருங்கள்.

நடு மூளை நாடியில் செக்கனுக்கு 120 சென்ரிமீற்றருக்கு மேல் சுருக்கத்தைச் சந்தேகிக்கலாம். 200ஐத் தாண்டினால் கடுமையான சுருக்கம் எனக் கொள்ளலாம். இடைப்பட்ட எண்கள்தான் குழப்புபவை, ஏனெனில் காய்ச்சலும் குருதிச்சோகையும்கூட வேகத்தைக் கூட்டும். எனவே தாடைக்குக் கீழிருந்து, கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் உட்கரொட்டிட் நாடியின் வேகத்தையும் எடுத்து, மூளை நாடியின் வேகத்தை அதனால் வகுத்துப் பாருங்கள்: விடை 3க்குக் குறைந்தால் ஓட்டமே மிகுந்துள்ளது, கூடினால் நாடி சுருங்கியுள்ளது, 6ஐக் கடந்தால் கடுமையாகச் சுருங்கியுள்ளது என்று கருதலாம். தனியொரு எண்ணைவிட நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவதையே நான் பெரிதும் நம்புவேன். வேகம் ஒரே நாளில் செக்கனுக்கு 50 சென்ரிமீற்றருக்கு மேல் கூடினால் உடனே மூத்த வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, எலும்பு தடித்திருப்பதால் சமிக்ஞையே கிடைக்காது; தூரக் கிளைகளின் சுருக்கமும் டொப்ளருக்குத் தப்பலாம். ஆகையால் எண்கள் நன்றாயிருந்தும் நோயாளி மயங்கினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ மூளை நாடிகளைப் படம்பிடிக்கும் சீ.ரீ. அஞ்சியோகிராமுக்குத் தாமதிக்கக் கூடாது. வேகம் இறங்கிவிட்டதென்று, நாடிச் சுருக்கத்தின் பாதிப்பைக் குறைக்கக் கொடுக்கும் நிமோடிப்பினையும் இடையில் நிறுத்தலாகாது. அது வழமையாக 21 நாட்கள் கொடுக்கப்படும் மருந்து.