பரிசு ஒரு ஜிகர்தண்டா: ஆன்லைனில் பிளிட்ஸ் செஸ் போட்டி நடத்துவது எப்படி?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர். பாதிப் பேர் மதுரைக்குள், மீதிப் பேர் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி. முதல் தடவை போட்டி நடத்தியபோது யாரோடு யார் ஆடுவது என்று நானே நோட்டில் கட்டம் போட்டு, குழுவில் ஒவ்வொரு பெயராக அறிவித்தேன். இரண்டாவது சுற்றிலேயே திருமங்கலத்தில் கரண்ட் போனது. அவருக்காக எதிராளி காத்திருக்க, அந்த எதிராளிக்காக இன்னொருவர் காத்திருக்க, எட்டரை மணிக்கு "சாப்ட்டு வந்துர்றேன்ணே" என்று போனவர் திரும்பவே இல்லை. அந்தப் போட்டிக்கு இன்றுவரை முடிவு கிடையாது.

அதனால் ஜோடி சேர்ப்பதையும் புள்ளி போடுவதையும் கணினியிடம் விட்டுவிடுங்கள். ஆள் சேர்ப்பது மட்டும்தான் நம் வேலை.

படி 1: கணக்கு தொடங்குங்கள்

நான் பயன்படுத்துவது லிசெஸ். 2010இல் ஒரு பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய தளம், நன்கொடையில் ஓடுகிறது. விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆடுகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு வேண்டும். இதைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே முடிக்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் தொடங்குகிறவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு உங்களைத்தான் கூப்பிடுவார். பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால் அவர்கள் கணக்கில் கிட் மோடைப் போட்டுவிடுங்கள். தெரியாதவர்கள் செய்தி அனுப்பும் தொல்லை இருக்காது. யாருக்கு எந்தப் பயனர் பெயர் என்று குழுவில் ஒரு பட்டியலும் போடுங்கள். 'சிம்மக்கல் சிங்கம்' நம் பெரிய மாமாதான் என்பது எங்களுக்குப் போட்டி முடிந்த பிறகே தெரிந்தது.

படி 2: கடிகாரத்தை முடிவு செய்யுங்கள்

ஆளுக்குப் பத்து நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்தால் அது பிளிட்ஸ் என்பது உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கு. புதியவர்கள் பெரும்பாலும் 3+0 என்று வைக்கிறார்கள்: மூன்று நிமிடம், அவ்வளவுதான். வேண்டாம். செல்போனில் ஆடுகிறவருக்கு இது அநியாயம். ராணியும் யானையும் கையில் இருக்கும், எதிராளியிடம் ராஜாவோடு ஒரு சிப்பாய்தான் இருக்கும், ஆனால் நேரம் தீர்ந்து தோற்றுப்போவார். அப்புறம் குழுவில் அரை மணி நேரம் பஞ்சாயத்து.

3+2 வையுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடுதலாகக் கிடைக்கும். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் இதே கணக்குதான். நாற்பது நகர்த்தல் போகிற ஆட்டத்தில் ஆளுக்கு அதிகபட்சம் 4 நிமிடம் 20 நொடி. இருவருக்கும் சேர்த்து ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு ஆட்டம் ஆடலாம். வயதானவர்கள் அதிகமென்றால் 5+3 வையுங்கள், தப்பில்லை.

படி 3: போட்டியை உருவாக்குங்கள்

உலாவியில் லிசெஸைத் திறந்து, பிளே மெனுவில் அரீனா டோர்னமென்ட்ஸ் பக்கம் போய், புதிய போட்டியை உருவாக்கும் பட்டனை அழுத்துங்கள். பெயர், கடிகாரம், மொத்த நேரம் (60 நிமிடம் போதும்), தொடங்கும் நேரம் ஆகியவற்றைக் கேட்கும். பெயர் கொடுக்காவிட்டால் அதுவே ஒரு செஸ் பிரபலத்தின் பெயரை வைத்துக்கொள்ளும்.

இரண்டு இடத்தில் கவனம். ரேட்டட் என்பதை எடுத்துவிடுங்கள். ரேட்டிங் (ஆடுகிறவரின் திறமைக்குத் தளம் போடும் மதிப்பெண்) குறையுமோ என்ற பயம் இல்லாமல் ஆடுவார்கள். பாஸ்வேர்டு கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத யாரோ நுழைந்து எல்லாரையும் துவைத்து எடுத்துவிட்டுப் போவார். குறைந்தபட்ச ரேட்டிங், இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்கிற நிபந்தனைகளைத் தொடாதீர்கள். புதுக் கணக்குக்காரர்கள் வெளியே நிற்க வேண்டிவரும்.

பெர்செர்க் என்றொரு வசதி உண்டு. ஆட்டத் தொடக்கத்தில் தன் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டு, கூடுதல் நொடிகளையும் விட்டுக்கொடுத்து ஜெயித்தால் ஒரு புள்ளி அதிகம். முதல் போட்டியில் அணைத்து வையுங்கள். தெரியாமல் அழுத்திவிட்டு "என் டைம் எங்கண்ணே போச்சு?" என்று யாராவது கேட்பார்கள்.

படி 4: விதியை முன்கூட்டியே சொல்லுங்கள்

அரீனாவில் சுற்று என்பதே இல்லை. ஆட்டம் முடிந்தவுடன் காத்திருக்கிற இன்னொருவரோடு தானாக ஜோடி சேர்க்கும். தாமதமாக வந்தாலும் சேரலாம். கரண்ட் போனால் அந்த ஓர் ஆட்டம்தான் போகும், போட்டி நிற்காது. இடையில் எழுந்து போக வேண்டுமென்றால் பாஸ் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தாமல் போனால் அடுத்த ஆட்டத்தில் ஜோடி சேர்த்துவிடும். முதல் நகர்த்தலைச் சில நொடிக்குள் வைக்காவிட்டால் அது தோல்வி.

வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. அடுத்தடுத்து இரண்டு ஜெயித்தால் தீச்சுடர் வரும். அதற்கப்புறம் வெற்றிக்கு 4, டிராவுக்கு 2. ஓர் ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டாலும் சுடர் அணைந்துவிடும். பத்து நகர்த்தலுக்குள் பேசி வைத்து டிரா செய்தால் இருவருக்கும் புள்ளி கிடையாது.

படி 5: நாளும் ஒத்திகையும்

ஞாயிறு இரவு ஏழு மணி எங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாள் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆள் வராது, வந்தாலும் மனசு இங்கே இருக்காது. போட்டிக்கு முந்தின நாள் இரவு நாலு பேரை வைத்து இருபது நிமிடப் போட்டி ஒன்று நடத்திப் பாருங்கள். போட்டியன்று லிங்க்கையும் பாஸ்வேர்டையும் ஒரே செய்தியில் போட்டு, அதைக் குழுவில் பின் செய்துவிடுங்கள். ஆறே முக்காலுக்கு ஒரு நினைவூட்டல். நீங்களும் சேர்ந்து ஆடலாம், தடையில்லை.

யாராவது செஸ் மென்பொருளைப் பக்கத்தில் வைத்து ஆடினால்? பரிசு சின்னதாக இருந்தால் அந்த ஆசையும் சின்னதாகவே இருக்கும். எங்களுக்கு ஒரே ஒரு ஜிகர்தண்டா. ஜெயித்தவருக்கு அதைக் கடைசி இடம் பிடித்தவர் வாங்கித் தர வேண்டும் என்று இப்போது மாற்றிவிட்டோம். இதில் ஒரு வில்லங்கம்: ஒரு மணி நேரம் முடிந்த நொடியில் புள்ளிப் பட்டியல் உறைந்துவிடும், பாதியில் இருக்கிற ஆட்டத்துக்குப் புள்ளி வராது. கடைசி நாலு நிமிடத்தில் மாமா எவ்வளவு நிதானமாக யோசித்து ஆடுகிறார் என்று பாருங்கள்.