நீர்க்கடுப்பா? சிறுநீர் கழிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர்கள் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எங்களிடம் வருவார்கள். மலையிறங்கிய பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பலர் நேராகக் கழிப்பறைக்குப் போய்விட்டு, அதன் பிறகுதான் எங்கள் படியேறுகிறார்கள். நோயைக் காட்டிக்கொடுக்கும் நீர் அங்கேயே போய்விடுகிறது. அது மனதை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தக் கடுப்பு என்று பாருங்கள்

சிறுநீர்ப்பையிலிருந்து நீரை வெளியே கொண்டுவரும் குழாய் புண்பட்டு வீங்குவதுதான் சிறுநீர் வடிகுழாய் அழற்சி. நீர் கழிக்கும்போது எரியும். துவாரத்தின் நுனியில் அரிக்கும். காலையில் ஒரு சொட்டுச் சீழ் உள்ளாடையில் படியும். அடிக்கடி முட்டிக்கொண்டு வருவதும் அடிவயிற்று வலியும் இருந்தால் சிறுநீர்ப்பையையும் சந்தேகிக்க வேண்டும். பெண்கள் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

நம் ஊரில் எல்லாவற்றையும் "சூடு" என்று சொல்லி இளநீரும் வெந்தயமும் கொடுத்துவிடுகிறோம். அவை தீங்கு செய்யாது. ஆனால் கிருமியைக் கொல்லாது. பெரும்பாலும் காரணம் உடலுறவு வழியே தொற்றும் கிருமிதான். முன்னோர் வெட்டை என்ற கொனோரியா பெரும்பாலும் சில நாட்களில் தெரியும். இதே வழியில் தொற்றும் இன்னொரு கிருமியான கிளமிடியாவுக்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். காட்டமான சோப்பு, கிருமிநாசினி, மருத்துவமனையில் செருகிய குழாய் ஆகியவற்றாலும் எரிச்சல் வரும்.

படி 2: முதல் நீரைக் கொடுங்கள்

இதுதான் முக்கியம். பரிசோதனைக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் நீர் கழிக்காமல் இருங்கள். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நடுநீரைப் பிடிக்கச் சொல்வோம். இங்கே அதற்கு நேர்மாறு: முதலில் வரும் கொஞ்ச நீர்தான் குழாயின் சுவரைக் கழுவிக்கொண்டு வரும்.

சீழைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், கொனோரியா கிருமிகள் வெள்ளையணுக்களுக்குள் இரண்டிரண்டாகக் காப்பிக்கொட்டைகளைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். கிளமிடியா அப்படித் தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சர் சோதனையிலும் வளராது. எனவே "கிருமி வளரவில்லை" என்ற அறிக்கையை வைத்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட பி.சி.ஆர். போன்ற சோதனை தேவைப்படலாம்.

எல்லை தாண்டி மலையாள மருத்துவரிடம் காட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். அவர் "பழுப்பு உண்டோ?" என்றால் நிறத்தைக் கேட்கவில்லை, மலையாளத்தில் பழுப்பு என்றால் சீழ். "இல்லை, வெள்ளைதான்" என்று நம்மவர்கள் பதில் சொல்ல, சீழே இல்லை என்று அவர் எழுதிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

படி 3: மருந்தை முழுதாக முடியுங்கள்

மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள். முன்பு கொனோரியாவுக்குக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது பெரும்பாலும் பலிப்பதில்லை. கிளமிடியாவுக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். கர்ப்பிணிக்கு அது ஆகாது. வேறு மருந்து உண்டு. மூன்றாம் நாள் எரிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது.

விதைப்பையில் வலியோ வீக்கமோ, காய்ச்சலோ, நீர் அடைப்போ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 4: துணைக்கும் சிகிச்சை

இதைத்தான் மறைக்கிறார்கள். கணவர் மாத்திரை முடித்து நலமடைவார். அறிகுறி இல்லாத மனைவியிடமிருந்து மறுபடி தொற்றும். அவருக்குக் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறே தடைபடலாம். கடந்த 60 நாட்களில் உறவுகொண்ட எல்லோரும் பரிசோதிக்க வேண்டும். இருவரும் சிகிச்சை முடித்து, 7 நாள் கடக்கும்வரை உறவு வேண்டாம்.

எச்.ஐ.வி.க்கும் அப்போதே பார்த்துவிடுங்கள்: தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம், கேரளத்தில் ஜோதிஸ் மையம். 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குக் கட்டணமில்லை. பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

படி 5: மீண்டும் வராமல்

ஆணுறை. தண்ணீரால் மட்டும் கழுவுதல். தோட்டத்தில் மருந்தடித்தால், நீர் கழிக்கும் முன்னும் கை கழுவுதல். கொனோரியா, கிளமிடியா என்று உறுதியானவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும். அப்போது துணையையும் அழைத்து வாருங்கள்.