பொன்வெயில் எடிட்: படத்துக்கு மஞ்சள் காமாலை வராமலிருக்க

படத்துக்கு மாலை வெயிலின் பொன்னிறம் ஏற்றக் கற்றுக்கொள்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் அதே சில பள்ளங்களில்தான் விழுகிறார்கள். சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) எக்கச்சக்கமாகக் கூட்டுவது, கிடைத்த பிரீசெட்டை (ஆயத்த எடிட் அமைப்பை) எல்லாம் போட்டுப் பார்ப்பது போன்றவை இரண்டு நாளில் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

டெம்பரேச்சர் ஸ்லைடரை இழுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சலூட்டும் தவறு இது. படத்தைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், நிறத்தை நீலத்துக்கோ மஞ்சளுக்கோ நகர்த்துவது டெம்பரேச்சர் ஸ்லைடர். 5500-ல் இருக்கும் அதை 8000-க்குத் தள்ளியதும் படம் பொன்னாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் நடந்தது வேறு: படம் முழுக்க மஞ்சள் பூசியாயிற்று.

நிஜ மாலை வெயிலைக் கவனியுங்கள். சூரியன் நேராகப் படும் இடம்தான் பொன்னிறம். நிழல் விழும் பக்கத்துக்கு வெளிச்சம் தருவது வானம். அதனால் அங்கே நீலம் கலந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் கண் பொன்வெயில் என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்லைடருக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. நிழல், வெள்ளைச் சட்டை, பல், விழிவெண்மை என எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள். முகம் காமாலைக்காரர் முகமாகிவிடும்.

ஜேபெக் என்றால் சேதம் இன்னும் அதிகம். வொயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அளவை) கேமரா முன்பே முடிவு செய்து படத்தில் பதித்துவிட்டது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் மிச்சம். பலமாக இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருப்பதால் தாங்கும்.

ராவில் டெம்பரேச்சரை 300 முதல் 500 வரை மட்டும் கூட்டுங்கள். மீதி வேலை, வெளிச்சப் பகுதிக்கும் (ஹைலைட்) நிழல் பகுதிக்கும் (ஷேடோ) தனித்தனி நிறம் ஏற்றும் கலர் கிரேடிங்கில். ஹைலைட்டில் ஹியூ (எந்த நிறம் என்பது) 40–45, சாச்சுரேஷன் 15–20. ஷேடோவில் ஹியூ 220 அருகே, சாச்சுரேஷன் 5–8. இதற்கு மேல் போனால் நிழல் மை கொட்டியதுபோல் ஆகும். பொன்னிறம் போதவில்லையா? பேலன்ஸை பிளஸ் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். தோல் ஆரஞ்சாகத் தெரிந்தால் கலர் மிக்சரில் ஆரஞ்சு சாச்சுரேஷனை 5–10 குறைத்து, லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) அதே அளவு கூட்டினால் சரியாகும். இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும்; படத்துக்குப் படம் மாறும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதது

நிழல் வலப்பக்கம் விழுந்திருக்க, நாம் சேர்க்கும் ஒளிவட்டத்தையும் வலப்பக்கமே வைத்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கும். ரேடியல் மாஸ்க்கை (வட்டமான பகுதியை மட்டும் திருத்தும் கருவியை) சூரியன் இருந்த பக்கத்து விளிம்பில், பாதி சட்டகத்துக்கு வெளியே போகும்படி பெரிதாகப் போடுங்கள். ஃபெதர் (விளிம்பின் மென்மை) 100, டெம்பரேச்சர் +15, எக்ஸ்போஷர் +0.3, டீஹேஸ் (மங்கலை நீக்கும் அளவு) −10. டீஹேஸைக் குறைப்பதால்தான் காற்றில் வெளிச்சம் கரைந்த மென்மை வருகிறது; மஞ்சளால் அல்ல.

உச்சிவெயில் படத்தை மாலையாக்குவது

மாலையில் நிழல் நீண்டிருக்கும்; இங்கே அது காலடியிலேயே கிடக்கிறது. விட்டுவிடுங்கள்.

பிளர் அளவை மனப்பாடம் செய்வது

மங்கலான நகலை மேலே போட்டுப் படத்தை மினுங்கவைக்கும் முறைக்கு ஆர்ட்டன் எஃபெக்ட் என்று பெயர். மைக்கேல் ஆர்ட்டன் 1980-களில் இரண்டு ஸ்லைடுகளை, ஒன்று கூர்மையாக, ஒன்று மங்கலாக, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் செய்தது. போட்டோஷாப்பில் லேயரை நகலெடுத்து, காஸியன் பிளர் கொடுத்து, பிளெண்ட் மோடை ஸ்கிரீனுக்கோ சாஃப்ட் லைட்டுக்கோ மாற்றி, ஒப்பாசிட்டியை 15–25 சதவீதமாக்கினால் போதும். 6000 பிக்சல் அகலப் படத்துக்கு 30 பிக்சல் பிளர் அளவாக இருக்கும். அதே 30-ஐ 1080 பிக்சல் படத்துக்குக் கொடுத்தால் லென்ஸில் ஆவி படிந்ததுபோல் ஆகிவிடும். அங்கே 5 அல்லது 6 போதும். கண், உதடு இரண்டையும் லேயர் மாஸ்க்கில் கறுப்பால் தடவி மறைத்துவிடுங்கள்.

சிவப்பு வெடிப்பது

பொன்னிறம் ஏறும்போது முதலில் எல்லை தாண்டி விவரம் இழப்பது சிவப்புதான். லைட்ரூம் டெவலப்பில் ஜே விசையைத் தட்டுங்கள்; அப்படி எல்லை தாண்டிய இடங்களை அது காட்டும். கன்னமோ நெற்றியோ சிவப்புத் திட்டாகக் காட்டினால் ஹைலைட்டைக் குறையுங்கள்.

திரையில் நைட் மோடை அணைக்க மறப்பது

திரையே மஞ்சளாக இருந்தால் படத்தில் எவ்வளவு மஞ்சள் என்று எப்படித் தெரியும்?