செயின் கழன்ற சைக்கிள்

2012இல் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்க சைக்கிள் கிடைத்தது. கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் ஏறி மிதித்தால் செயின் கழன்றுவிடும். யாராவது வந்து மாட்டித் தரும்வரை நிற்பேன். மாட்டுகிறவர்கள் "பொம்பளப் புள்ளைக்கு பஸ்ஸே போதும்"னு ஒரு வார்த்தையும் சேர்த்துப் போடுவார்கள்.

அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், அழுதேன். "ஏங்கண்ணு, செயின் தொளதொளன்னு கெடந்தா நிக்குமா? சக்கரத்தப் பின்னால இழுத்துக் கட்டு" என்றார். ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கர நட்டுகள் இரண்டையும் தளர்த்தினேன். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, ஃபோர்க்குக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்கினேன். முதல் தடவை அதிகமாக இழுத்துவிட்டேன், பெடல் கல்லாகக் கனத்தது. செயின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆட வேண்டும், அதுதான் அளவு. சக்கரம் நகர்ந்ததால் பிரேக் கட்டையையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதை மறந்து, இறக்கத்தில் செருப்பைத் தேய்த்துத்தான் நின்றேன்!

வழியில் கழன்றால் மாட்டவும் கற்றேன்: பின்சக்கரத்தைத் தூக்கி, முன் பல்சக்கரத்தின் அடிப்பல்லில் செயினைக் கோத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் தானே ஏறிவிடும்.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியதை டீச்சர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் கையெல்லாம் கிரீஸ் ஆகியிருக்கும். நான் கற்றுக்கொண்ட அடுத்த வாரம் வகுப்பில் மூன்று பேர் என்னிடம் ஸ்பேனர் கேட்டு வந்தார்கள்.