பிரிட்டிஷ் மூத்த தூதர் ஒருவரின் பணி வரலாற்றைப் படிக்கும் முறை

முதலில் அவர் வகித்த பதவிகளை ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நியமனங்களையும் பட்டங்களையும் அறிவிக்கும் ‘லண்டன் கெசட்’ என்ற அரசிதழ் இதற்குப் பெரிதும் உதவும். பதவிப் பெயர்களில் குழம்பிவிடாதீர்கள்: காமன்வெல்த் நாடுகளுக்கு அனுப்பப்படுபவர் ‘உயர் ஆணையர்’ என்றும் பிற நாடுகளில் ‘தூதர்’ என்றும் அழைக்கப்படுகிறாரே தவிர, இருவரின் தகுதியும் ஒன்றே.

பட்டியலைப் பார்த்ததும் பெரிய தலைநகரங்களிலேயே கண் நிற்கும். ஆனால் அவர் லண்டனில் கழித்த ஆண்டுகளே முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. நிக்கோலஸ் ஹெண்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். வார்சா, பான் (அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகர்), பாரிஸ் ஆகிய மூன்று இடங்களிலும் தூதராக இருந்து 1979-இல் ஓய்வு பெறவிருந்த அவர், அதே ஆண்டில் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு, 1982-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரின்போது அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தம் நாட்டின் தரப்பை எடுத்துரைத்தார். இந்தப் புகழ்பெற்ற கட்டத்துக்கு முன்பே, 1963 முதல் 1965 வரை வெளியுறவு அமைச்சரின் தனிச்செயலராக அவர் இருந்ததைக் கவனியுங்கள். அமைச்சர் எதைக் கேட்பார், எந்த அறிக்கையைப் படிக்காமல் ஒதுக்குவார் என்பதை அருகிலிருந்து பார்க்க வாய்ப்பளிக்கும் பதவி அது.

அடுத்து, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளுக்குச் செல்லுங்கள். கோப்புகள் பொதுப் பார்வைக்கு வர முன்பு முப்பது ஆண்டுகளாக இருந்த காத்திருப்புக் காலம், இருபதாகக் குறைக்கப்பட்டுள்ளது. தூதர் அனுப்பிய அறிக்கையோடு நிறுத்திவிடாமல், லண்டன் அதிகாரிகள் அதன் மீது கையால் எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் இட்ட குறிப்புகளையும் பொறுமையாகப் படியுங்கள். அவருடைய யோசனையை யார் ஏற்றார், யார் மறுத்தார் என்பது அங்கேதான் தெரியவரும். ஓய்வுபெற்ற தூதர்கள் பலரின் வாய்மொழி நேர்காணல்கள் கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரியில் உள்ளன. பல ஆண்டுகள் கழித்துச் சொல்லப்படும் நினைவுகள் என்பதால், கோப்பைப் படித்த பிறகே அவற்றைப் படிப்பது நல்லது.

பெண் அதிகாரி என்றால் பணிக்காலம் சட்டென்று முடிந்திருப்பதைத் திறமைக்குறைவாகக் கருதிவிடக் கூடாது. திருமணமானால் பணியைத் துறக்க வேண்டும் என்ற விதி 1970-களின் தொடக்கம்வரை நீடித்தது. ஆன் வார்பர்ட்டன் டென்மார்க்குக்கான தூதராகி, பிரிட்டனின் முதல் பெண் தூதர் என்ற இடத்தைப் பெற்றது 1976-இல்தான்.