கையெழுத்து வைப்பதற்கு முன்: ஒன்ராறியோவில் வேலை போனால்

வேலையால் நிற்பாட்டும் கூட்டம் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மனேஜரும் எச்ஆர் ஆளும் இருப்பார்கள். ஒரு கடித உறையைத் தந்து, "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைத்துத் தாருங்கள்" என்பார்கள். புதிதாக வந்த எங்கள் ஆட்கள் பலர் அங்கேயே வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மறுத்தால் வர வேண்டிய காசும் வராமல் போய்விடுமோ என்ற பயம்தான். தயவுசெய்து அந்த அறையில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "வீட்டில் வாசித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்றால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தொகைக்கு உங்கள் கையெழுத்தே தேவையில்லை. மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை முன்னறிவித்தல் இல்லாமல் நிற்பாட்டினால் அதற்கு ஈடான சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் 1 வாரம், மூன்று வருடத்துக்குக் குறைவென்றால் 2 வாரம், அதன்பின் முடித்த வருடத்துக்கு ஒரு வாரம் என்று 8 வாரம் வரை போகும். ஐந்து வருடமோ அதற்கு மேலோ இருந்து, கொம்பனியின் வருடச் சம்பளச் செலவும் 25 இலட்சம் டொலருக்குக் குறையாமல் இருந்தால், செவரன்ஸ் என்ற தனித் தொகையும் உண்டு. அது வருடத்துக்கு ஒரு வாரம், உச்சம் 26 வாரம். எடுக்காத விடுமுறைக்கான காசு இவற்றோடு சேர்த்தியில்லை, அது வேறாக வர வேண்டும்.

இப்போது அந்தக் கடிதத்தை வடிவாக வாசியுங்கள். நான்கு வருடம் வேலை செய்தவருக்கு "8 வாரச் சம்பளம் தருகிறோம்" என்று எழுதியிருக்கும். பார்க்கத் தாராளமாகத் தெரியும். ஆனால் அதில் 4 வாரம் சட்டப்படி எப்படியும் உங்களுடையது. கடைசிப் பக்கத்தில், இனிமேல் கொம்பனிமேல் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்திக்கு அவர்கள் தரும் விலை மிச்ச 4 வாரம் மட்டுமே. பேரம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

எவ்வளவு கேட்கலாம்? நீதிமன்றங்கள் வயது, வேலை செய்த காலம், பதவி, அதே மாதிரி வேலை மறுபடி கிடைக்கும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து, குறைந்தபட்சத்தைவிடப் பல மடங்குகூடக் கொடுப்பதுண்டு. வருடத்துக்கு ஒரு மாதம் என்று ஆட்கள் சொல்வது சட்டம் அல்ல. நிலையான ஒரு வேலையிலிருந்து உங்களை ஆசை காட்டி அழைத்து எடுத்திருந்தால், குறுகிய காலமே வேலை செய்திருந்தாலும் அது கணக்கில் வரும். வேலைக்குச் சேரும்போது வைத்த ஒப்பந்தம் இதையெல்லாம் குறைந்தபட்சத்தோடு நிறுத்தப் பார்க்கும். அதைக் கண்டு சோர்ந்துவிட வேண்டாம். பணிநீக்கம் பற்றிய ஒரு வரி சட்டத்துக்கு முரணாக இருந்தாலே அதுபற்றிய மற்ற வரிகளும் செல்லாது என்று ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதனால் ஒப்பந்தத்தையும் கடிதத்தையும் வேலைச் சட்டம் மட்டும் பார்க்கும் லோயரிடம் கொண்டுபோங்கள். வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்தவர் இதற்குச் சரிவர மாட்டார். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

கேட்பதை ஈமெயிலில், மரியாதையாக, ஒரே தடவையில் கேளுங்கள். "உங்கள் கடிதத்துக்கு நன்றி. என் பதவியையும் இப்போதைய வேலைச் சந்தையையும் பார்க்கும்போது 14 வாரம் நியாயம் என்று நினைக்கிறேன்" என்ற அளவு போதும். காசுக்கு அப்பாலும் கேட்க நிறைய இருக்கிறது. பல், மருந்துக் காப்புறுதியைச் சட்டம் கேட்கும் வாரங்களுக்கு அப்பாலும் நீடிக்கச் சொல்லுங்கள். கையில் வராத போனஸ், நல்ல பரிந்துரைக் கடிதம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மாதாமாதம் தருகிறோம், புது வேலை கிடைத்தால் நிறுத்திவிடுவோம் என்று எழுதியிருந்தால் மொத்தமாகத் தரச் சொல்லுங்கள். ஆர்ஆர்எஸ்பி என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் உங்களுக்கு இன்னும் போட இடமிருந்தால் அதற்குள் நேரடியாகப் போடச் சொல்லலாம், அந்தப் பகுதிக்கு உடனே வரி பிடிக்க மாட்டார்கள்.

வங்கி, தொலைபேசி, விமானக் கொம்பனி ஆட்களுக்கு மத்திய அரசின் சட்டம், கணக்கு வேறு. மற்றவர்களுக்குக் குறைந்தபட்சமே தராவிட்டால் ஒன்ராறியோ தொழில் அமைச்சில் இரண்டு வருடத்துக்குள் இலவசமாக முறையிடலாம். ஆனால் அங்கே முறையிட்டுவிட்டு அதே பணிநீக்கத்துக்கு நீதிமன்றமும் போக முடியாது, ஆகவே லோயரைப் பார்த்த பிறகே அதைச் செய்யுங்கள்.

பேச்சு முடியும்வரை ஈஐக்கு, அதாவது வேலையிழந்தோருக்கான அரசுக் காப்புறுதிக்கு, விண்ணப்பிக்காமல் காத்திருக்க வேண்டாம். கடைசி வேலை நாளிலிருந்து 4 வாரத்துக்குள் விண்ணப்பியுங்கள், நீங்கள் வேலை செய்த விபரத்தைக் காட்டும் பத்திரம் (ROE) கொம்பனியிடமிருந்து வராவிட்டாலும் பரவாயில்லை, அதைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.